யோபுவின் புத்தகத்தில் இடப்பக்கம்

படத்தைத் திருப்பி அனுப்பும்படி கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது எங்கள் வாரப் பத்திரிகையில் என் வேலைகளில் ஒன்று. பெரும்பாலும் கல்யாணப் படங்களாக இருக்கும். பாறசாலையிலிருந்து வந்த அஞ்சலட்டை வேறு மாதிரி இருந்தது. சர்ச் உபதேசியார் யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது 'கர்த்தருக்குள் அன்பான ஐயா' என்ற தொடக்கத்திலேயே தெரிந்தது. கடைசியில் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை.

யோபு வாத்தியார் வரைந்த என் மகன் பொன்னையனின் முகம் உங்கள் ஆபீசில் இருப்பதாக அவர் சம்சாரம் எஸ்தர் சொன்னாள். மகன் ஆற்றோடு போய்விட்டான். அவனை வேறு யாரும் படம் எடுத்ததில்லை. அதைத் தரவேண்டும். இப்படிக்கு தங்கம்மை. அவ்வளவுதான் கடிதம்.

யோபுவை எங்களுக்குத் தெரியும். தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். இரண்டு வருடங்களாக எல்லைக் கிராமங்களின் கூட்டங்களையும் சந்தைகளையும் வரைந்து அனுப்பிக்கொண்டிருந்தவர். ஆனால் தன் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக்கூட அவர் எங்களுக்கு அனுப்பியதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தாளில் மையால் நகல் எடுத்தே அனுப்புவார். ஒரு தாளை எடுத்தால் இன்னொன்று ஆடிப்போகும் என்று ஒரு முறை எழுதியிருந்தார். நான்கு மாதமாக அதுவும் நின்றிருந்தது. இருந்தாலும் இரண்டு நாள் பிற்பகல் முழுவதும் அலமாரிகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். பொன்னையன் எங்களிடம் இல்லை.

"நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்" என்றார் ஆசிரியர். "அப்படியே அந்தப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிவாருங்கள். எல்லையில் என்ன நடக்கிறது என்று நமக்கும் தெரியவேண்டாமா."

நான் வருகிற நாளைக் குறிப்பிட்டுத் தங்கம்மைக்கு ஒரு அஞ்சலட்டை போட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

அந்தப் பகுதி அப்போது வேறு ராஜ்யம். தமிழ் பேசும் தாலுகாக்கள் சென்னையோடு சேரவேண்டும் என்று ஒரு சாராரும், கூடாது என்று ஒரு சாராரும் தெருவில் நின்றுகொண்டிருந்த மழைக்காலம். ஆரல்வாய்மொழியில் பஸ்ஸை நிறுத்தி மூட்டைகளைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். அரிசி கடத்துகிறோமா என்று சோதனை. மலையிலிருந்து இறங்கிய காற்றில் நனைந்த இலைகளின் வாசனை. சென்னையில் மழை பெய்தால் சாக்கடை வாசனை வரும்.

பாறசாலையில் இறங்க வேண்டியவன் நான். ஊர் நெருங்கும்போது சாலையின் இரு பக்கமும் கூட்டம். ஒரு பனைத்தடியை இழுத்துப் பாதிச் சாலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நிறுத்தினால் நம் வண்டிக்குக் கண்ணாடி மிஞ்சாது என்று கண்டக்டர் மலையாளத்தில் கத்தினார். டிரைவர் மண்ணில் இறக்கி, தடியைச் சுற்றி ஏற்றி, நிற்காமல் விட்டார்.

என் முன்னால் இருந்த கிழவர் எழுந்து நின்றார். "எலே, எனக்கு இஞ்ச எறங்கணும்."

"அப்பச்சி, நெய்யாற்றின்கரை வரைக்கும் இன்னைக்கு ஓசியாக்கும். இரியும்" என்று கண்டக்டர் உடனே தமிழுக்கு மாறினார்.

"ஓசிண்ணா திருப்பியும் கொண்டு விடுவியா?"

"திருப்பிப் போவது வேற பஸ்சு. அவன்கிட்ட கேளும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. பஸ் நிற்குமிடத்தைக் கடக்கும்போது கூட்டத்திலிருந்து தள்ளி ஒரு பெண் நின்றிருப்பதைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை மேல்முண்டு, ஓலைக்குடை. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்து, என் ஜன்னலைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். பஸ் போய்விட்டது.

அன்றிரவு நெய்யாற்றின்கரையில் ஒரு விடுதியில் தங்கினேன். சிவப்பரிசிச் சோறு, குடம்புளி போட்ட மீன்கறி. குடிக்கச் சீரகம் போட்டுக் காய்ச்சிய வெந்நீர். எங்கள் ஊரில் வெந்நீர் கொடுத்தால் காய்ச்சலா என்று கேட்பார்கள். இங்கே பச்சைத் தண்ணீர் கேட்டதற்கு என்னை அப்படிப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே சற்றுத் தூரத்தில் ஆறு கேட்டது.

மறுநாள் காலை சாயாக்கடையில் இருவர் எல்லையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தமிழில் பேச, மற்றவர் மலையாளத்தில் பதில் சொன்னார். இருவருக்கும் ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை. நெய்யாற்றின்கரை எங்கே போகும் என்பது விவாதம். கடைக்காரர் குறுக்கே வந்தார்.

"எங்கயும் போகாது. இஞ்சயேதான் கெடக்கும். நீங்க ரெண்டு பேரும் சாயாவைக் குடிச்சிட்டு போவும்."

ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றேன் கடைக்காரரிடம். கை துடைத்துக்கொண்டே வெளியே வந்து காட்டினார். செம்மண் கரைத்த நிறத்தில், ஓசையில்லாமல், வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. "மேல ஒற்றசேகரமங்கலத்துல மழை பெஞ்சா மறுநாள் இஞ்ச தெரியும்" என்றார். "நாலு மாசம் முந்தி வந்த தண்ணியில ஒரு பய நோட்டீசுக் கட்டை மடியில கெட்டிக்கிட்டு நீந்திப் பாத்தான். ரோட்டுல போனா பிடிப்பாங்கண்ணு பயம். மூணு நாள் கழிச்சு அந்த வளைவுல கிடைச்சுது. பாறசாலைக்காரன்."

பெயர் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பஸ் ஓடவில்லை. ஓடு ஏற்றிப் போன மாட்டுவண்டியில் இடம் கிடைத்தது. வழியெல்லாம் ரப்பரும், மரச்சீனி என்று இங்கே சொல்கிற மரவள்ளியும். வண்டிக்காரர் சர்ச் வந்தால் ஒரு பாட்டும், கோயில் வந்தால் வேறு பாட்டும் பாடினார். எதையும் விட்டுவைக்காதவர்.

பாறசாலையில் அந்தப் பெண் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"மெட்ராசுல இருந்து வாறியளா?"

"ஆமாம்."

"நேத்து பஸ்சுல போன கண்ணாடி போட்ட ஆளு நீருதானே. நான் தங்கம்மை." கையில் என் அஞ்சலட்டை, மழையில் ஊறியிருந்தது. "படம் கொண்டு வந்தீரா?"

வழி நெடுக ஒத்திகை பார்த்திருந்த பதில் இரண்டே சொற்கள்தான். அவற்றைச் சொல்ல முடியவில்லை. யோபுவைப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

"நாளைக்குண்ணா நாளைக்கு. நாலு மாசம் நிண்ணாச்சு." குடையை என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். "எனக்க மோனை ஆத்துல இருந்து எடுத்துப் போட்டப்போ நான் பாத்தேன் சாரே. பாக்காதேண்ணு சொன்னாவ. பாத்துட்டேன். அது மொகமில்ல. இப்ப கண்ணை மூடினா அதுதான் வருது. இருவது வருசம் பாத்த மொகம் வரமாட்டேங்குது. யோபு சாரு வரைஞ்சத ஒருக்கா பாத்தா போதும். அது வந்தா இது போவும்."

யோபுவின் வீடு வரை கூடவே வந்து, படியேறாமல் திரும்பிப் போனார்.

யோபுவுக்கு நாற்பது வயது. வலது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. ஒரு கூட்டம் கலைந்து ஓடும்போது மதகில் விழுந்து முறித்துக்கொண்டார். அதே வாரத்தில் கைதாகி, ஒன்றரை மாதம் உள்ளே இருந்து, முறிந்த கை முறிந்தபடியே ஒட்டிக்கொண்டுவிட்டது. பென்சில் பிடிக்க வராது. பள்ளிக்கூடத்தில் இப்போது வருகைப்பதிவு மட்டும் பார்க்கிறார், அதையும் இடது கையால்.

எஸ்தர் மிஷன் லேஸ் பள்ளியில் பின்னல் கற்றவர். எனக்கு மரச்சீனி அவித்து, சாளை மீனும் காந்தாரி மிளகாய் அரைத்ததும் வைத்தார். மிளகாயைச் சட்னி என்று நினைத்து அள்ளிய என்னைப் பார்த்து, "மெட்ராஸ்காரருக்கு வெள்ளம் கொடு" என்றார் யோபு. அன்று அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

சாப்பிட்டு முடித்து நான் புத்தகத்தைக் கேட்டேன். எஸ்தர் யோபுவைப் பார்த்தார். யோபு வாசலைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தது எஸ்தர்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் அது சர்ச் பாட்டுப் புத்தகம். கறுப்புக் காலிகோ துணி அட்டை, முதுகில் தேய்ந்த பொன்னெழுத்து. கிழிந்துபோன ஒரு பாட்டுப் புத்தகத்தின் அட்டையைக் கழற்றி, அந்த அளவுக்குத் தாள் வெட்டி உள்ளே தைத்தது. கூட்டத்தில் கையில் வைத்திருந்தால் ஜெபத்துக்குப் போகிற ஆள் என்று விட்டுவிடுவார்கள். தைத்தது எஸ்தர். லேஸ் நூலை மெழுகில் இழுத்துத் தைத்திருந்தார். முதுகுக்கு மரச்சீனி மாவுப் பசை. கரப்பான் தின்னாமல் இருக்க அதில் துருசு, அதாவது மயில்துத்தம், கலப்பாராம். விளிம்பில் லேசாக நீலம் தெரிந்தது. மேசையில் விரித்தால் கையை எடுத்த பிறகும் விரித்தபடியே கிடந்தது. எங்கள் அச்சகத்தில் தைப்பவை அப்படிக் கிடப்பதில்லை.

"நாலு தாளை ஒண்ணுக்க மேல ஒண்ணா வச்சு நடுவுல மடிச்சா ஒரு மடி" என்றார் எஸ்தர். "எட்டு பாதி வரும். மொதல் பாதியும் கடைசிப் பாதியும் ஒரே தாளு. ரெண்டாமத்ததும் ஏழாமத்ததும் ஒரே தாளு. அப்படி ஆறு மடி. கத்தரி படப்பிடாது. ஒரு பாதியை வெட்டினா அதுக்க இணை நிக்காது. பொறவு அது புத்தகமில்ல, கடுதாசிக் கட்டாக்கும்."

வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து புரட்டினேன். யோபு வலப்பக்கங்களில் மட்டுமே வரைவார். மென்மையான பென்சில், மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். அதனால் ஒவ்வொரு இடப்பக்கத்திலும் எதிரில் இருக்கும் படத்தின் மங்கலான தடம், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறிப் படிந்திருந்தது. சந்தைக்கு எதிரே மங்கலான சந்தை. கோழிக்கு எதிரே மங்கலான கோழி. அச்சுக்கூடத்தில் எழுத்தைத் தலைகீழாகப் படித்துப் பழகிய கண் எனக்கு. படங்களைவிட இந்தத் தடங்களைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டு போனேன்.

மூன்றாவது மடியில் நின்றேன். வலப்பக்கத்தில் பலாமரம். இடப்பக்கத்தில் பலாமரம் இல்லை. ஒரு முகம் இருந்தது. முகம் என்பதைவிட முகம் இருந்த இடம். கண்கள் கலங்கிப் பரவியிருந்தன, வாய் கரைந்திருந்தது. ஒரு காது மட்டும் தெளிவாக இருந்தது.

சில பக்கங்கள் முன்னால் போனேன். ஓர் இடப்பக்கம் மற்றவற்றைவிட வெளுப்பாக, இழைகள் எழும்பி இருந்தது. யாரோ ரப்பரால் பொறுமையாகத் தேய்த்திருக்கிறார்கள். மடியின் நடுவைப் பிளந்து எண்ணினேன். நான்கு தாள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. புத்தகம் முழுவதிலும் ஐந்து தாள்கள் இல்லை. வெட்டிய அடையாளம் எங்கும் இல்லை. ஒவ்வொரு மடியும் புதிதாகத் தைத்ததுபோல ஒழுங்காக இருந்தது.

எஸ்தர் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஐந்து தாள் இல்லை என்றேன். துருவுவது நிற்கவில்லை.

"சாரைப் பிடிச்சாச்சு, வீட்டைச் சோதிக்க வாறாங்கண்ணு ஆள் வந்து சொன்னாங்க" என்றார். "அஞ்சு படத்துல கூட்டம் உண்டு. ஒவ்வொரு மொகமும் அச்சு அசலாக்கும், அவருக்க கை அப்படி. அதைக் கண்டா அத்தனை பேரும் உள்ளே போவாவ. கிழிச்சா கிழிச்ச எடம் தெரியும். அதனால நூலைப் பிரிச்சு, தாளை உருவி, அடுப்புல வச்சுட்டு, திரும்பத் தச்சேன். உலையில அரிசி வேகுறதுக்குள்ள முடிச்சேன்."

சோதிக்க வந்த போலீஸ்காரர்கள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்களாம். ஒருவர் கோழிப் படத்தில் நின்று, எங்கள் வீட்டுக் கோழியும் இப்படித்தான் ஒரு காலில் நிற்கும் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு வைத்தாராம்.

"பொன்னையன்?"

இப்போது துருவுவது நின்றது.

"அவன் ஒரு நாள் இஞ்ச வந்து மரச்சீனி தின்னுகிட்டு இருந்தான். வாயில நிறைய வச்சுகிட்டு சிரிச்சான். அதை வரைஞ்சாரு. ஒரு கூட்டத்துக்க இணைப் பாதியில." துருவலைக் கையால் ஒதுக்கினார். "அவன் செத்து பத்து நாளாச்சு அப்ப. எனக்கு தெரியாமலா? தாளை உருவினப்போ பாத்தேன். நடுவுல வெட்டி அந்தப் பாதியை மட்டும் மாவுப் பானைக்குள்ள போட்டிருக்கலாம். தோணல்ல சாரே. தாளை வெட்டப்பிடாது, முழுசா எடுக்கணும். கை அப்படிப் பழகிப் போச்சு. கைதான் அதைக் கொண்டு அடுப்புல வச்சுது. பொறவு தங்கம்மை அக்கா வந்து கேட்டா. மெட்ராசுக்குப் போச்சுண்ணு வாயில வந்துட்டுது."

கூட்டத்தின் தடத்தைத் தேய்த்து அழித்தவர், முகத்தின் தடத்தை ஏன் அழிக்கவில்லை என்று கேட்டேன்.

"ரப்பரை வச்சேன். முடியல்ல." பிறகு, "அதை அக்காகிட்ட காட்டப்பிடாது. ஆத்துல இருந்து எடுத்தப்போ நானும் நிண்ணேன். அவன் அப்படித்தான் இருந்தான்."

மெட்ராஸ் ஆபீசில் தொலைந்துபோனது என்று நான் சொல்லிவிட்டால் போதும் என்றார். நாளை நான் போய்விடுவேன். அவர்கள் இருவரும் தினமும் ஒரே கிணற்றடியில் நிற்க வேண்டியவர்கள். சரி என்றேன். பத்திரிகை ஆபீசில் எதுவும் தொலையும், யாரும் நம்புவார்கள்.

மாலையில் யோபுவோடு சர்ச் வரை நடந்தேன். புத்தகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே சொன்னார். "வெளியில வந்த அன்னைக்கு கையில எடுத்தேன். அஞ்சு தாளுக்க கனம் இல்ல."

"கேட்கவில்லையா?"

"கேட்டா அவ சொல்லணும் இல்லியா."

பொன்னையனை இடது கையால் மறுபடி வரைந்து பார்க்கவில்லையா என்றேன். கை இருந்தாலும் முடியாது என்றார். "வரைஞ்ச மொகம் எனக்கு மனசுல நிக்காது. தாளுல எறக்கி வச்சா அதோட போச்சு. எனக்கு காது மட்டும் ஞாபகம் உண்டு. நான் எப்பவும் காதுலதான் தொடங்குவேன். அழுத்தி வரைவேன். அது சரியா வந்தா மத்தது எல்லாம் பின்னால வரும்."

மூன்றாம் நாள் காலை தங்கம்மை வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, துவைத்த முண்டு உடுத்தியிருந்தார். கையில் ஒரு துணி மூட்டை. வாசலிலேயே நான் எழுந்து நின்று, எங்கள் அலுவலகத்தில் படம் எங்கோ தவறிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று சொல்லி முடித்தேன். சரளமாகவே வந்தது.

"தவறினா அங்கதானே கெடக்கும்" என்றார் தங்கம்மை. "நான் கூட வாறேன்."

எனக்குப் புரியவில்லை.

"மெட்ராசுக்கு. மரச்சீனி அவிச்சுக் கெட்டியிருக்கேன், ரெண்டு நாளைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் காணும். எனக்கு எழுத்துதான் தெரியாது. மோனுக்க மொகம் தெரியும். நீரு அலமாரியைத் தொறந்து விட்டா போதும், நான் தேடிக்கிடுவேன்."

மூட்டையைப் படியில் வைத்தார். அதன் முடிச்சு இரண்டு தடவை போட்டு இறுக்கியிருந்தது. எஸ்தர் அடுக்களையிலிருந்து வந்து தரையில் உட்கார்ந்தார்.

"எக்கா, மெட்ராசுக்குப் போகல்ல. நான்தான் எரிச்சேன்."

எல்லாவற்றையும் சொன்னார். நேற்று என்னிடம் சொன்ன அதே வரிசையில், உலையில் அரிசி வெந்த நேரம் வரை. தங்கம்மை நின்றபடியே கேட்டார். மழை வந்து விட்டது.

"அந்தத் தாளுக்க மற்ற பாதியில யாரெல்லாம் உண்டு?"

எஸ்தர் வீட்டுப்பெயரோடு ஒவ்வொருவராகச் சொன்னார். ஒன்பது பேர். ஆறாவது பெயரில் தங்கம்மை தலையசைத்தார். "அவன் எனக்க அண்ணனுக்க மோன். போன மாசம்தான் அவனுக்கு பிள்ளை பொறந்துது." திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். எஸ்தரும் அதற்குத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"ஒண்ணுமே மிச்சமில்லியா மக்கா?"

"இல்ல எக்கா."

"உண்டு" என்றார் யோபு.

எஸ்தர் அவர் கையைப் பிடித்தார். அவர் விடுவித்துக்கொண்டு, புத்தகத்தை இடது கையால் திறந்து, பலாமரத்துக்கு எதிரே இருந்த பக்கத்தைக் காட்டினார்.

தங்கம்மை குனிந்து பார்த்தார். முகத்தில் முதலில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு உள்ளங்கையை எடுத்து, தாளில் படாமல் அதன் மேலே பிடித்து, கண்ணும் வாயும் இருந்த இடத்தை மறைத்தார். வெளியே காது மட்டும் நின்றது. மடலின் கீழே சிறிய வெட்டு.

"சேவல் கொத்தினது" என்றார். "மூணு வயசுல. ஆனா இது வலத்து காது. எனக்க மோனுக்கு இடத்துல ஆக்கும்."

தடம் புரண்டு விழும் என்று நான் விளக்கத் தொடங்கி, நிறுத்திவிட்டு, சுவரில் ஆணியில் தொங்கிய முகச்சவரக் கண்ணாடியை எடுத்து வந்தேன். தாளின் எதிரே பிடித்தேன். கண்ணாடியில் அது இடது காதாக மாறியது. தங்கம்மையின் கை இன்னும் முகத்தை மறைத்தபடியே இருந்தது. கண்ணாடியைப் பிடித்த என் கை வலிக்கும்வரை பார்த்தார்.

"அவனுக்குள்ளதுதான்."

அந்தத் தாளைக் கேட்டார். எஸ்தர் நூலைப் பிரிக்கப் போனார். முழுத்தாளாக உருவிக் கொடுப்பதற்கு.

"மற்ற பாதி எனக்கு என்னத்துக்கு? அதுல இருக்கது யாருக்க பஸ்சோ. நீ வச்சுக்கோ."

எஸ்தர் லேஸ் பெட்டியிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தார். மடிப்பின் உள்ளே நுனியை வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு மேலிருந்து கீழே ஒரே சீராக வெட்டினார். அதன் இணைப் பாதி, பஸ் வரைந்தது, புத்தகத்தை மூடியபோது ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. யோபு அதைப் பெருவிரலால் உள்ளே தள்ளினார். மறுபடி வெளியே வந்தது.

தடத்தில் கை படக்கூடாது, பட்டால் அழிந்துவிடும் என்று யோபு சொல்லி அனுப்பினார். இரண்டு வாழையிலைத் துண்டுகளுக்கு நடுவில் வைத்து, மூட்டையின் மேல் கட்டிக்கொண்டு போனார் தங்கம்மை. கண்ணாடி வேண்டுமா என்று எஸ்தர் கேட்டார். வீட்டில் ஒரு துண்டு இருக்கிறது என்றார்.

புத்தகத்தை எடுத்துப் போகிறீர்களா என்று யோபு கேட்டார். வேண்டாம் என்றேன். ஆசிரியரிடம் என்ன சொல்வது என்று அப்போது யோசிக்கவில்லை.

நான்காம் நாள் பஸ் ஓடியது. பனைத்தடி சாலையோரத்தில் கிடந்தது. அதன் மேல் இருவர் உட்கார்ந்து பீடி புகைத்துக்கொண்டிருந்தார்கள். தங்கம்மை வந்திருந்தார். நேற்றைய மரச்சீனியை மறுபடி தாளித்து இலையில் கட்டிக் கொடுத்தார். பிரயாணத்துக்கு என்று அவித்தது, பிரயாணம் போகிறவர் தின்னட்டும் என்றார்.

பஸ் திருப்பத்தில் தெரிந்தது. நான் கேட்காமல் இருந்திருக்கலாம். தூங்கினீர்களா என்று கேட்டுவிட்டேன்.

"கண்ணை மூடினேன்" என்றார் தங்கம்மை. "மொதல்ல காது வந்துது. நல்ல தெளிவா வந்துது."

கண்டக்டர் என் பையை வாங்கி உள்ளே போட்டார்.

"பொறவு?"

"பொறவு ஆத்துல கண்டதுதான் வந்துது" என்றார். "ஆனா மொதல்ல காது வந்துது, சாரே. நீரு ஏறும், அவன் நிக்கமாட்டான்."